சபையின் நடுவே கிறிஸ்து

கிறிஸ்துவின் பெயரால் கூடும் எந்தச் சபையும் அவர் தன் நடுவில் இல்லை என்று சொல்லாது. விசுவாசப் பிரமாணம், ஞானப்பாட்டு, ஜெபம், ஆலயத்தின் சிலுவை என எல்லாமே அவரைத்தான் முன்னிறுத்துகின்றன. ஆயினும் அவருடைய பெயர் ஓயாமல் உச்சரிக்கப்பட்ட சபைகளிலேயே அவருடைய இடத்தை ஒரு தலைவரோ, ஒரு சாதியோ, ஓர் இனமோ, ஓர் அரசோ பிடித்துக்கொண்ட காலங்கள் வரலாற்றில் பல உண்டு. இந்த இடமாற்றத்தை அறிக்கைகளில் தேடிக் காண முடியாது. பந்தி, பணம், பதவி, பிணக்கு ஆகியவற்றில் அது வெளிப்படும். குறிப்பாக, சபையின் மிக எளிய உறுப்பினர் எங்கே நிறுத்தப்படுகிறார் என்பதில் அது ஐயமறத் தெரியும். கொரிந்து சபையின் வரலாறு இதற்கு முதற்சான்று. ஜெர்மனியும் தமிழகமும் பிற்காலச் சான்றுகள்.

வேதம் காட்டும் நடுவிடம்

திருச்சபை ஐக்கியத்தைப் புதிய ஏற்பாடு பல படிமங்களால் விளக்குகிறது. யோவான் 15ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து திராட்சச்செடி, சீடர்கள் கொடிகள். எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் அவர் மூலைக்கல், விசுவாசிகள் அதன்மேல் எழும் மாளிகை. கொலோசெயர் நிருபத்தில் அவர் தலை, சபை சரீரம். மூன்றிலும் ஒரே ஒழுங்கு காணப்படுகிறது. கொடிக்கும் கொடிக்கும் உள்ள உறவு செடியின் வழியே வருகிறது. கல்லும் கல்லும் மூலைக்கல்லைச் சார்ந்தே இணைகின்றன. கையும் காலும் தலையின் வழியே ஒத்தியங்குகின்றன. ஒரு சபையில் இருவர் சகோதரர் ஆவதற்கு இரத்த உறவோ, ஒரே ஊரோ, ஒத்த மனப்போக்கோ காரணம் ஆகாது. இருவரையும் கிறிஸ்து ஏற்றுக்கொண்டார் என்பதே காரணம். ஆகவே தனக்குப் பிடித்தவர்களை மட்டும் பொறுக்கிக் கூடும் உரிமை அங்கே யாருக்கும் கிடையாது. அந்த உரிமை உள்ள கூட்டத்தை நட்பு வட்டம் எனலாம். சபை எனல் ஆகாது.

இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தில் கிறிஸ்து நடுவே இருப்பார் என்னும் மத்தேயு 18:20இன் வாக்குத்தத்தம், ஆட்கள் குறைவாக வந்த ஜெபக்கூட்டத்துக்கு ஆறுதலாகவே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. அது வரும் சூழல் வேறு. அதற்குச் சற்று முன்னால், சிறியரில் ஒருவரையும் அற்பமாக எண்ணக்கூடாது என்ற எச்சரிக்கையும் காணாமற்போன ஆட்டின் உவமையும் உள்ளன. அடுத்து, குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும், கேளாவிட்டால் ஓரிருவரை உடன் அழைக்க வேண்டும், அதன் பின்னரே சபைக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு கூறப்படுகிறது. வாக்குத்தத்தத்தை அடுத்து, எத்தனை முறை மன்னிப்பது என்ற பேதுருவின் கேள்வி வருகிறது. சிறியோரைக் காப்பது, பிணக்கைத் தீர்ப்பது, மன்னிப்பது ஆகிய மூன்றுக்கும் இடையில்தான் கிறிஸ்து தமது இருப்பை வாக்களிக்கிறார்.

கொரிந்து: நகரமும் சபையும்

கொரிந்து இரு கடல்களுக்கு இடைப்பட்ட குறுகிய நிலப்பகுதியில் அமைந்த நகரம். மேற்கே லெகாயோன், கிழக்கே கெங்கிரேயா என இரண்டு துறைமுகங்கள் அதற்கு இருந்தன. கி.மு. 146இல் ரோமத் தளபதி மும்மியுஸ் அதை அழித்தார். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவியபோது, விடுதலை பெற்ற அடிமைகள் பெருமளவில் அங்கே குடியமர்த்தப்பட்டனர். பழைய குலப்பெருமை இல்லாத ஊரில் பணமும் செல்வாக்கும் பேச்சுத்திறனும் ஒருவரை மேலே தூக்கிவிட்டன. கட்டடங்களுக்குக் கொடையளித்துப் பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்வது அங்கே புகழின் வழி. எரஸ்து என்ற நகர அதிகாரி தன் செலவில் தளம் போட்டதைச் சொல்லும் கல்வெட்டு அரங்கத்தின் அருகே கிடைத்துள்ளது. ரோமர் 16இல் வரும் எரஸ்து இவரேயா என்பது முடிவாகாவிட்டாலும், அந்த ஊரின் மனப்பாங்கை அக்கல்வெட்டு நன்கு காட்டுகிறது.

பவுல் அங்கே வந்து, ரோமிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு கூடாரத் தொழில் செய்துகொண்டே ஊழியம் செய்தார். ஒன்றரை ஆண்டு தங்கினார். அக்காலத்தில் அகாயாவின் ஆளுநராக இருந்த கல்லியோனைக் குறிப்பிடும் கல்வெட்டு டெல்ஃபியில் கிடைத்திருப்பதால், இந்நிகழ்ச்சிகளைக் கி.பி. 50–52 அளவில் வைக்க முடிகிறது. ஜெப ஆலயத் தலைவர் கிறிஸ்பு, சபை முழுவதற்கும் இடம் தரும் வசதி படைத்த காயு, அகாயாவின் முதற்பலனான ஸ்தேவானின் வீட்டார் போன்ற சிலர் வசதியானவர்கள். பெரும்பான்மையோர் கல்வியோ செல்வாக்கோ உயர்குலமோ இல்லாதவர்கள் என்பதைப் பவுலே வெளிப்படையாக எழுதுகிறார். அடிமையும் எஜமானும், யூதரும் கிரேக்கரும் ஒரே கூரையின் கீழ்க் கூடியது அந்த ஊருக்குப் புதிது. சிக்கல்களும் அங்கேதான் தொடங்கின.

நான்கு கட்சிகள்

பவுல் எபேசுவில் இருந்தபோது, குலோவேயாளின் வீட்டார் கொரிந்துச் சபையின் நிலையை அவருக்கு அறிவித்தனர். சபை பவுல், அப்பொல்லோ, கேபா, கிறிஸ்து என நான்கு பெயர்களைச் சொல்லிப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கவர்ச்சி இருந்தது. பவுல் சபையை நாட்டியவர். அப்பொல்லோ அலெக்சந்திரியாவிலிருந்து வந்த சொல்வல்லவர். நாவன்மைக்கு மதிப்பளித்த ஊரில் அவருக்குக் கூட்டம் சேர்ந்ததில் வியப்பில்லை. கேபா என்னும் பேதுரு இயேசுவோடு நடந்த மூத்த அப்போஸ்தலர். இவர்களில் எவரும் தமக்கென்று கட்சி கட்டவில்லை. அவர்களைப் போற்றியவர்கள்தாம் கட்டினார்கள்.

நான்காவது கட்சி கூர்ந்து நோக்கத்தக்கது. தாங்கள் கிறிஸ்துவைச் சேர்ந்தவர்கள் என்று சொன்னவர்களையும் பவுல் பாராட்டவில்லை. மற்ற மூவரோடும் அதே வரிசையில் வைக்கிறார். மற்றவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டும் அடையாளமாகப் பயன்படும்போது கிறிஸ்துவின் பெயரும் கட்சிப் பெயராகிவிடுகிறது. மனிதத் தலைவர்கள் யாரும் வேண்டாம், கிறிஸ்து மட்டும் போதும் என்று அறிவித்துப் பிரிந்துபோன பல குழுக்கள் விரைவிலேயே ஒரு தலைவரின் பிடியில் சிக்கியதைப் பிற்காலச் சபை வரலாறு காட்டுகிறது.

கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் பவுலின் மறுப்பு மூன்று கேள்விகளாக வருகிறது. கிறிஸ்து கூறுபட்டாரா? சிலுவையில் அறையப்பட்டது பவுலா? ஞானஸ்நானம் பெற்றது பவுலின் பெயராலா? இவற்றில் தம் பெயரையே அவர் எடுத்துக்கொள்வது தற்செயல் அன்று. முதலில் கலைக்க விரும்பியது தம் சொந்தக் கட்சியை. பின்னர் 3ஆம் அதிகாரத்தில், நட்டவனும் நீர்ப்பாய்ச்சியவனும் வேலைக்காரரே, விளையச் செய்பவர் தேவன் என்று கூறி, கொரிந்தியரின் பேச்சை அப்படியே திருப்பிப் போடுகிறார். அவர்கள் தங்களைப் பவுலுக்கு உரியவர்கள் என்றார்கள். பவுலோ தாமும் அப்பொல்லோவும் கேபாவும் சபைக்கு உரியவர்கள் என்றும், சபை கிறிஸ்துவுக்கு உரியது என்றும் எழுதுகிறார். ஊழியர்கள் சபையின் சொத்து. சபை எந்த ஊழியரின் சொத்தும் ஆகாது. ஒரு போதகர் மாறுதலாகிப் போனதும் பாதிச் சபை கலைந்துவிடுமானால், அங்கே நடுவில் இருந்தவர் யார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பந்தியில் நடந்தது

கட்சிப் பிரிவைவிடக் கடுமையான கண்டனத்தைப் பவுல் 11ஆம் அதிகாரத்துக்கு வைத்திருந்தார். கொரிந்துச் சபை வீடுகளில் கூடியது. கர்த்தரின் இராப்போஜனம் ஒரு முழு உணவோடு சேர்ந்தே நடந்தது. அந்த உணவில் சிலர் முந்திக்கொண்டு தங்கள் சாப்பாட்டை முடித்து வெறித்திருந்தார்கள். சிலர் பசியோடு இருந்தார்கள்.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்பதற்கு வீட்டமைப்பு ஒரு விளக்கம் தருகிறது. கொரிந்தில் அனாப்ளோகா என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வசதியான வீடொன்றின் விருந்து அறை ஏறத்தாழ 5.5 மீட்டருக்கு 7.5 மீட்டர். மூன்று பக்கமும் சாய்விருக்கைகளைப் போட்டுவிட்டால் அத்தகைய அறையில் ஒன்பது பேர் போல அமரலாம். மற்றவர்களுக்கு முற்றமே இடம். ரோம விருந்துகளில் அறைக்குள் இருந்தோருக்கு நல்ல உணவும் மதுவும், வெளியே இருந்தோருக்குத் தரங்குறைந்தவையும் பரிமாறுவது வழக்கமாகவே இருந்தது. வேலை முடித்துத் தாமதமாக வந்த கூலியாளும் அடிமையும் முற்றத்தில் நின்றபோது உள்ளே பந்தி முடிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். யாரும் வேண்டுமென்று தீங்கு செய்யவில்லை. ஊர் வழக்கம் அப்படியே சபைக்குள் நுழைந்துவிட்டது.

பவுல் இதை விருந்தோம்பல் குறையாகக் கொள்ளவில்லை. அப்படிப்பட்ட உணவு கர்த்தரின் இராப்போஜனமே ஆகாது என்கிறார். அப்பம் உண்டு, பாத்திரம் உண்டு, ஜெபமும் உண்டு. இருந்தும், இல்லாதவர்கள் அங்கே வெட்கப்படுத்தப்பட்டதால் அது அவருடைய பந்தி ஆகவில்லை. இதைச் சொன்ன பின்னரே, இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் செய்ததை அவர் நினைவூட்டுகிறார். தீர்வாகச் சொல்வது மிக எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

சரீரத்தை உணராமல் உண்பவரைப் பற்றிய எச்சரிக்கையும் இந்தச் சூழலில்தான் வருகிறது. அது தனிமனிதரின் மனத்தூய்மையைப் பற்றியதாகவே பெரும்பாலும் போதிக்கப்படுகிறது. ஒரே அப்பத்தில் பங்குபெறும் பலர் ஒரே சரீரம் என்று 10ஆம் அதிகாரத்தில் கூறிவிட்டே பவுல் இதை எழுதுவதால், முற்றத்தில் பசியோடு நிற்பவரைக் காணத் தவறுவதும் அந்தக் குற்றத்துள் அடங்குகிறது.

அறிவு, வழக்கு, வரம்

மற்றச் சிக்கல்களிலும் பவுல் இதே அளவுகோலைப் பயன்படுத்துகிறார். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பது கொரிந்தியர் எழுதிக் கேட்ட கேள்வி. ஊரின் கோயில்களை ஒட்டி விருந்துக்கூடங்கள் இருந்தன. அஸ்கிலேப்பியுஸ் கோயிலருகே அத்தகைய அறைகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அறிந்தவர்கள் அங்கே தயக்கமின்றி உண்டார்கள். அவர்களுடைய அறிவு சரியானது என்று பவுல் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதைப் பார்த்துப் பலவீனமான சகோதரன் ஒருவன் இடறி விழுவானானால், அவனுக்காகவும் கிறிஸ்து மரித்தாரே என்பதை நினைவில் கொள்ளச் சொல்கிறார். சரியான உபதேசமும் கிறிஸ்துவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதற்கு இது சான்று.

வழக்குகளைப் பற்றிய 6ஆம் அதிகாரமும் அப்படியே. ரோமச் சமூகத்தில் எளியவர் ஒருவர் செல்வாக்குள்ளவர்மீது வழக்குத் தொடுப்பது மிகக் கடினம். எனவே நீதிமன்றம் பெரும்பாலும் வலியவரின் ஆயுதமாகவே இருந்தது. சாதாரண உலகக் காரியங்களுக்காகச் சகோதரன் சகோதரனை அங்கே இழுப்பதைப் பவுல் கண்டிக்கிறார். இந்தப் பகுதியைக் காட்டி, சபைக்குள் நடக்கும் கையாடலையும் வன்கொடுமையையும் மூடிமறைக்க முயல்வது அதன் நோக்கத்தையே தலைகீழாக்குவதாகும். எளியவரைக் காக்க எழுதப்பட்டது வலியவருக்குக் கேடயமாகக் கூடாது. தமக்கு நீதி மறுக்கப்படும் என்று கண்டபோது பவுல் தாமே இராயனுக்கு முறையீடு செய்தவர்.

ஆவிக்குரிய வரங்களிலும் போட்டி இருந்தது. அந்நியபாஷை பேசியோர் மற்றவர்களைவிடத் தங்களை உயர்வாகக் கருதினார்கள். 12ஆம் அதிகாரத்தில் சரீர உவமையை விரிக்கும் பவுல், பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் அவசியமானவை என்றும், கனம் குறைந்தவற்றுக்குத் தேவன் அதிக கனம் தந்திருக்கிறார் என்றும் கூறுகிறார். ரோம உலகில் சரீர உவமை புதியதன்று. எளியோர் கலகம் செய்யாமல் மேலோருக்கு உழைக்க வேண்டும் என்பதற்காகவே அரசியல் பேச்சாளர்கள் அதைக் கையாண்டு வந்தார்கள். பவுல் அதே உவமையை எடுத்து, வலிய உறுப்பு மெலிய உறுப்பைக் கனப்படுத்த வேண்டும் என்று திருப்புகிறார். அடுத்து வரும் அன்பின் அதிகாரம் இந்த வாதத்தின் நடுப்பகுதி. திருமணங்களில் தனியே வாசிக்கப்படும்போது, அது சண்டையிட்ட ஒரு சபைக்கு எழுதப்பட்டது என்பது மறந்துபோகிறது.

காணிக்கைப் பணம்

எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் சேகரித்த தருமப்பணம் பற்றிய குறிப்புகள் சபை நிர்வாகத்துக்கு மிகவும் பயனுள்ளவை. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்கேற்ப எடுத்துவைக்க வேண்டும்; பணத்தைக் கொண்டுசெல்பவர்களைச் சபையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முதலாம் நிருபத்தின் இறுதி அதிகாரம் கூறுகிறது. இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், சபைகளால் நியமிக்கப்பட்ட ஒரு சகோதரரும் பவுலின் உடனூழியர் தீத்துவோடு அனுப்பப்படுகிறார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் ஒருவரும் குறைகூற இடமிருக்கக் கூடாது என்பதும், கர்த்தர் முன்பாக மட்டுமின்றி மனிதர் முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய வேண்டும் என்பதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அப்போஸ்தலராயிருந்தும் தம்மை நம்பினால் போதும் என்று பவுல் கேட்கவில்லை. அதே அதிகாரத்தில், ஐசுவரியமுள்ளவராயிருந்தும் மற்றவர்களுக்காகத் தரித்திரரான கிறிஸ்துவை அவர் முன்வைக்கிறார். கணக்கு ஒழுங்கும் கிறிஸ்துவைப் பற்றிய அறிக்கையும் அங்கே ஒரே பேச்சாகின்றன.

இத்தனையும் கேட்ட பிறகும் கொரிந்து நிலையாகத் திருந்திவிடவில்லை. ஏறத்தாழ கி.பி. 96இல், மூப்பர் சிலரை அச்சபை பதவி நீக்கியதை அறிந்து ரோமச் சபை எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. கிளமெந்து எழுதியதாக மரபு கூறும் அக்கடிதம், பவுலின் நிருபத்தை மீண்டும் எடுத்து வாசிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறது. ஒரு தலைமுறை சீர்செய்ததை அடுத்த தலைமுறை மீண்டும் சீர்செய்ய வேண்டியிருந்தது.

பார்மன் அறிக்கையும் அதன் மௌனமும்

1933இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இயக்கம் புராட்டஸ்டண்ட் சபைகளின் நிர்வாகத்தைக் கைப்பற்றத் தொடங்கியது. இனமும் தேசமும் தலைவரும் கடவுளின் வெளிப்பாட்டுக்கு இன்னொரு ஊற்று என்பது அவர்களுடைய போதனை. அவ்வாண்டு செப்டம்பரில் பழைய பிரஷ்யச் சபையின் பொதுச்சபை, யூத வழிவந்தோரைச் சபைப் பொறுப்பிலிருந்து விலக்கும் ஆரிய விதியை ஏற்றது.

இதை எதிர்த்து 1934 மே 29 முதல் 31 வரை வுப்பெர்டால் நகரின் பார்மன் பகுதியில் லுத்தரன், சீர்திருத்த, ஐக்கியச் சபைகளின் 139 பிரதிநிதிகள் கூடினார்கள். இறையியலாளர் கார்ல் பார்ட் முதன்மையாக வரைந்த ஆறு கூற்றுகள் அங்கே ஏற்கப்பட்டன. வேதம் சாட்சியிடும் இயேசு கிறிஸ்து ஒருவரே சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய தேவவார்த்தை. வேறு எந்த ஆற்றலையும் ஆளையும் நிகழ்ச்சியையும் அவருக்கு இணையான வெளிப்பாடாகச் சபை ஏற்கலாகாது என்பது முதற்கூற்றின் சாரம். நான்காவது கூற்று, சபையின் பதவிகள் ஒருவர்மேல் ஒருவர் ஆளுகை செய்வதற்கு உரியவை அல்ல என்று கூறியது.

கிறிஸ்துவை நடுவிடத்தில் வைத்த அறிக்கைகளுள் இருபதாம் நூற்றாண்டில் இதற்கு ஈடானது அரிது. ஆனாலும் யூதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அக்குறையைப் பார்ட் தமது இறுதி ஆண்டுகளில் தாமே ஒப்புக்கொண்டார். சபைக்கு உள்ளேயும் வெளியேயும் மிக அதிகமாகத் தாக்கப்பட்டவரைக் குறித்து அறிக்கை மௌனமாக இருந்தது. இறையியலாளர் டீட்ரிக் போன்ஹெஃபர் 1933இலேயே யூதரைப் பற்றிய கேள்வியைக் கட்டுரையாக எழுப்பியிருந்தார்.

1935 முதல் ஃபிங்கன்வால்டே என்னும் ஊரில் அவர் போதக மாணவர்களுக்கான பயிற்சி இல்லத்தை நடத்தினார். 1937இல் இரகசியப் போலீசார் அதை மூடினர். அங்கிருந்த விதிகளில் ஒன்று, உடனிருக்கும் சகோதரரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசக்கூடாது, பேசிவிட்டால் அவரிடமே சென்று சொல்லிவிட வேண்டும் என்பது. மத்தேயு 18இன் ஒழுங்கு அன்றாட விதியாக மாறியதற்கு இது எடுத்துக்காட்டு. அந்த வாழ்க்கையின் அனுபவத்தை வைத்து 1939இல் போன்ஹெஃபர் வெளியிட்ட சிறுநூல், ஐக்கியத்தைப் பற்றிய இலட்சியக் கனவும் ஆபத்தானதே என்று எச்சரிக்கிறது. கனவில் காணும் சபையை நேசிப்பவர், கண்முன் இருக்கும் குறையுள்ள சகோதரரைக் குற்றவாளியாக்கத் தொடங்கிவிடுகிறார்.

தமிழகத்துத் திருவிருந்து

1706 ஜூலை 9 அன்று மிஷனரிமாரான சீகன்பால்குவும் புளுச்சாவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அவர்கள் தொடங்கிய ஊழியத்தால் உருவான தமிழ்ச் சபைகளில், கொரிந்தின் முற்றம் வேறொரு வடிவில் தோன்றியது. சாதிவாரியாகத் தனி இருக்கை, திருவிருந்துக்கு முன்னும் பின்னுமாக வரிசை, சில இடங்களில் தனிக் கிண்ணம் என ஊர் வழக்கம் ஆலயத்துக்குள் நின்றது. அதைச் சமூக மரியாதை என்று கருதிப் பொறுத்துக்கொண்ட மிஷனரிமார் பலர். காலப்போக்கில் தானே மறையும் என்று நம்பியவர்களும் உண்டு.

கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் அனுப்பிய சுற்றறிக்கை, சாதி வேற்றுமையைச் சபை உடனே கைவிட வேண்டும் என்றது. தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டு விலகினர். தஞ்சைச் சுவிசேடக் கவிராயர் வேதநாயக சாஸ்திரியாரும் மிஷனரிமாரின் கட்டாயத்தை எதிர்த்தவர்களில் ஒருவர். லைப்சிக் மிஷன் சாதியைச் சமூக அமைப்பாகக் கருதி மென்மையான வழியைப் பின்பற்ற, விலகியவர்களில் பலர் அங்கே இடம் தேடினார்கள். கிறிஸ்துவை அறிக்கையிடுவதில் இரு தரப்பாருக்கும் வேறுபாடு இருக்கவில்லை. ஒரே கிண்ணத்திலிருந்து யாருக்குப் பிறகு யார் பருகுவது என்பதில்தான் சபை பிளந்தது.

கண்டித்தவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். ஐரோப்பிய மிஷனரிமாருக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையில் வேறொரு சுவர் இருந்தது. திருநெல்வேலிப் பகுதியின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அதை வெளிப்படையாகப் பேசினார். மிஷனரிமாரின் தியாகத்தை மதித்துக்கொண்டே, நட்பும் சமத்துவமும் இல்லாத குறையை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

தென்னிந்தியத் திருச்சபை

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், சபைகளின் ஐக்கியத்துக்கான அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் பழைய பிணக்குகளால் உண்டான பிரிவுகளைத் தென்னிந்தியக் கிறிஸ்தவர்கள் சுமக்க வேண்டிய காரணமில்லை என்பது அதன் எண்ணம். பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. 1945இல் மறைந்த அசரியா அதன் நிறைவைக் காணவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

பேராயரால் அபிஷேகம் பெறாத போதகர்களின் ஊழியம் செல்லுமா என்பதே கடைசிவரை நீடித்த சிக்கல். மீண்டும் அபிஷேகம் செய்யாமல், இணைந்த சபைகளின் போதகர்கள் அனைவரும் உள்ளபடியே ஏற்கப்பட்டார்கள். எந்தச் சபைமீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியத்தைத் திணிப்பதில்லை என்ற உறுதிமொழியும் தரப்பட்டது. கிறிஸ்து ஏற்றுக்கொண்டவரைச் சபை தள்ள முடியாது என்ற எண்ணம் அங்கே சட்டவிதியாயிற்று.

1950இல் பயன்பாட்டுக்கு வந்த திருவிருந்து ஆராதனை முறைமையும் இதே போக்கில் அமைந்தது. குருவானவர் மேசைக்குப் பின்னால் சபையை நோக்கி நிற்கிறார். சமாதானம் கையிலிருந்து கைக்குச் செல்கிறது. கொடுப்பவர் தம் வலக்கையைப் பெறுபவரின் வலக்கையில் வைக்க, இருவரும் இடக்கையால் மூடிக்கொள்கிறார்கள். சிரியன் கிறிஸ்தவ மரபிலிருந்து வந்த வழக்கம் இது. தீண்டாமை தலைமுறைகளாக நிலவிய நாட்டில், அருகில் இருப்பவர் யாரானாலும் கையைத் தொட்டே பந்திக்கு வர வேண்டும் என்ற ஏற்பாடு பொருள் பொதிந்தது.

இருந்தும் சாதி முற்றாக விலகிவிடவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் திருமணத்திலும் திருமண்டலத் தேர்தல் அணிகளிலும் அது தொடர்கிறது. 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த தலித் இறையியல், நடுவில் வைக்கப்படும் கிறிஸ்து எந்தக் கிறிஸ்து என்ற கேள்வியை எழுப்பியது. எபிரெயர் 13ஆம் அதிகாரத்தின்படி அவர் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டவர்; அவரிடம் செல்ல விரும்புவோர் அங்கேயே செல்லும்படி அழைக்கப்படுகிறார்கள். வெளியே தள்ளப்பட்டவரை நடுவிடமாகக் கொண்ட சபை, தானே யாரையும் வெளியே நிறுத்த வழியில்லை.

சபை தன்னைச் சோதிக்கும் இடங்கள்

இவ்வரலாற்றிலிருந்து ஐந்து சோதனைகளைத் தொகுக்கலாம். முதலாவது பிரசங்க பீடம். போதகரின் அனுபவமும் சாதனையும் அரசியல் கருத்தும் முன்னே வந்து, சிலுவையும் உயிர்த்தெழுதலும் பண்டிகைக்கால உபதேசமாகச் சுருங்கினால் இடம் மாறிவிட்டது. இரண்டாவது திருவிருந்து. முதலில் வருவோரைவிடக் கடைசியில் வருவோர், வராமல் நின்றுவிட்டோர் ஆகியோரைக் குறித்தே அங்கே விசாரிக்க வேண்டும். மூன்றாவது பணம். கணக்கு சபைக்கு முன் படிக்கப்படுவதும், ஒருவர் கையில் மட்டும் விடப்படாமல் இருப்பதும் ஆவிக்குரிய காரியங்களே. நான்காவது பதவி. தேர்தலில் வென்றவர் தோற்றவரின் வீட்டுத் துக்கத்துக்குப் போக முடியாத நிலை இருந்தால், கொரிந்தின் கட்சிகள் அங்கே திரும்பிவிட்டன.

ஐந்தாவது பிணக்கு. சண்டையே இல்லாத சபை புதிய ஏற்பாட்டில் கிடையாது. பிணக்கு நேரிட்டபோது முதலில் நேரில் பேசப்படுகிறதா, எளியவரின் குறை காதுகொடுத்துக் கேட்கப்படுகிறதா, குற்றம் செய்தவர் பெரியவர் என்பதால் தப்புகிறாரா என்பவையே கவனிக்க வேண்டியவை. கொரிந்துச் சபையின் அத்தனை குறைகளையும் அறிந்தபோதும், தமது முதல் நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் அவர்களைத் தேவனுடைய சபை என்றே அழைக்கிறார். அந்தப் பெயரை அவர்களுடைய நடத்தை ஈட்டித் தரவில்லை, அழைத்தவர் தந்தது. ஆகவே தவறிய சபை கலைந்துபோக வேண்டியதில்லை. பந்தியையும் பணத்தையும் பதவியையும் மீண்டும் அவர் முன்னிலையில் ஒழுங்குபடுத்த வேண்டும். கிளமெந்தின் கடிதம் காட்டுவதுபோல, அது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை.